காளஹஸ்தி, வெங்கடகிரி பக்கம் கைவினைப் பொருள் வாங்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு புத்தூரில். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. புத்தூர் என்றதும் உங்களுக்கு எலும்பு முறிவுக் கட்டுதான் நினைவுக்கு வரும், போகட்டும். சென்னை, வேலூர், காஞ்சிபுரத்திலிருந்து திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் வரும் சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்கிற கேள்விகள் பல வருடமாக மாறவே இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தப் பக்கம் வாங்க என்னதான் இருக்கிறது?

காளஹஸ்தியில் துணியில் கையால் வரையும் கலம்காரி. வெங்கடகிரியில் கைத்தறிச் சேலை. காளஹஸ்திக்கும் திருப்பதிக்கும் இடையில் ஏர்ப்பேடு பக்கம் மாதவமாலா என்ற ஊரில் மரச் சிற்பம். பலமநேர் பக்கம் சுட்ட மண் பொருட்கள். இவை இந்த வட்டாரத்திலேயே செய்யப்படுபவை. கொண்டப்பள்ளி பொம்மை, ஏட்டிகொப்பாகா பொம்மை, தோல்பாவை எல்லாம் திருப்பதியில் விற்பனைக்கு இருக்கும், ஆனால் வேறு ஊர்ச் சரக்கு.

நகரி, புத்தூர், நாராயணவனம் பக்கம் தறிச் சத்தம் கேட்கும். அதில் பெரும்பகுதி விசைத்தறி. லுங்கியும் துண்டும் மலிவாக வாங்கலாம், கைவினை என்று நினைத்து வாங்க வேண்டாம்.

கலம்காரி தி. நகரிலேயே கிடைக்கிறதே. இவ்வளவு தூரம் எதற்கு வரவேண்டும்?

தி. நகரில் மீட்டர் கணக்கில் கிடைப்பது பெரும்பாலும் கலம்காரி டிசைன் போட்ட மில் துணி. அதை வாங்குவதில் தப்பில்லை, சுடிதாருக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கலம் என்றால் பேனா. பேனாவே படாத துணிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆந்திராவிலேயே கலம்காரி இரண்டு வகை. கிருஷ்ணா மாவட்டத்தில் மச்சிலிப்பட்டினம், பெடனா பக்கம் மரக்கட்டை அச்சில் குத்துவார்கள். காளஹஸ்தியில் மூங்கில் குச்சியால் வரைவார்கள். இரண்டுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு உண்டு. தமிழ்நாட்டிலும் கருப்பூர் கலம்காரி இருக்கிறது. அதற்கு 2021-ல் குறியீடு கிடைத்தது. ராமாயணம், பாரதம், கிருஷ்ண லீலை எல்லாம் கட்டம் கட்டமாக வரைந்து, கீழே தெலுங்கில் வரி எழுதிய தொங்கல் துணி வேண்டும் என்றால் காளஹஸ்திதான். தேவாரத்துத் திருக்காளத்தி இதே ஊர்தான் என்பதைச் சொல்லிவிட்டேன், இல்லையென்றால் எங்கள் பெரியப்பா கோபித்துக்கொள்வார்.

ஒரு துணிக்கு ஏன் இவ்வளவு விலை சொல்கிறார்கள்?

செய்கிற விதம் தெரிந்தால் இந்தக் கேள்வி பாதியாகக் குறைந்துவிடும், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் கோரா பருத்தித் துணியை அலசி வெளுப்பார்கள். பிறகு கடுக்காய்ப் பொடியும் பாலும் கலந்த நீரில் முக்கிக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்புதான் சாயத்தைப் பிடித்து வைக்கும். பாலில் உள்ள கொழுப்பு, வரையும்போது மை பரவாமல் தடுக்கும். பால் இல்லாமல் கோடு போட்டால் பிளாட்டிங் பேப்பரில் எழுதியது மாதிரி விரியும்.

அப்புறம் புளியங்குச்சியைச் சுட்ட கரியால் மாதிரிக் கோடு. அதன் மேல் கறுப்புக் கோடு. இந்தக் கறுப்பு மையைக் கசிமி என்பார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் ஊறவைத்து எடுப்பது. பானையில் பார்த்தால் கறுப்பாகவே இருக்காது, வெளிர்ப் பழுப்பு. கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கண் முன்னாலேயே கறுக்கும். நம் தாத்தாக்கள் கடுக்காயில் மை காய்ச்சிய அதே சூத்திரம்தான்.

சிவப்பு வரவேண்டிய இடத்தில் எல்லாம் படிகாரக் கரைசலைத் தீட்டுவார்கள். துணியை ஓடும் நீரில் அலசி, சிவப்புச் சாயம் தரும் வேர், பட்டைகளோடு கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாகும். மறுபடி அலசல், மறுபடி வெயில். பிறகு கடுக்காய்ப்பூ, மாதுளந்தோல் போன்றவற்றில் மஞ்சள், அவுரியில் நீலம். மஞ்சள் மேல் நீலம் ஏறினால் பச்சை. ஒவ்வொரு நிறத்துக்கும் அலசிக் காயவைக்க வேண்டும். இந்தத் தொழில் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் வேர்விட்டதற்கு அந்த ஓடும் தண்ணீர் ஒரு காரணம். இப்போது ஆற்றில் எத்தனை மாதம் தண்ணீர் ஓடுகிறது என்பது வேறு கதை.

எழுதும் கலம் மூங்கில் குச்சிதான். நுனிக்கு மேல் கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டியிருக்கும். மையில் முக்கி, அந்தச் சுற்றை விரலால் அழுத்தி அழுத்திக் கோடு இழுக்க வேண்டும். ரப்பர் வைத்து அழிக்க முடியாத வேலை.

இந்தக் கலை ஒரு கட்டத்தில் அணையும் நிலைக்கு வந்தது. கைவினைக் கலைகளை மீட்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயா முயற்சியில் 1957-ல் காளஹஸ்தியில் பயிற்சி மையம் தொடங்கியதால்தான் மறுபடி ஆட்கள் வந்தார்கள். இந்த ஊர்க் கலைஞர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

கையால் வரைந்ததா, அச்சடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் ஏமாந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். தேர் வீதியில் ஒரு கடை, பெயர் வேண்டாம். 'கைவேலை சார், இங்கே பாருங்க, மை சிந்தியிருக்கு' என்று கிருஷ்ணரின் புல்லாங்குழலுக்குக் கீழே இருந்த ஒரு சொட்டைக் காட்டினார். எனக்கும் அது பெரிய சாட்சியாகத் தோன்றியது. வாங்கி வந்து சித்தி மகள் கல்யாணத்துக்குக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து வேறொரு வீட்டுச் சுவரில் அதே கிருஷ்ணர். அதே புல்லாங்குழல். அதே இடத்தில் அதே சொட்டு. அசலை அப்படியே படம் பிடித்து ஸ்கிரீனில் ஏற்றியிருக்கிறார்கள், சிந்திய மையோடு சேர்த்து.

அதனால் ஒற்றை அடையாளத்தை நம்பாதீர்கள். கடையில் அதே படத்தில் இரண்டாவது துணி கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். கையால் வரைந்த இரண்டு அனுமார் ஒரே மாதிரி இருக்கமாட்டார்கள், வால் வளைவாவது மாறும். கோட்டைப் பாருங்கள்: கலத்தில் மை தீரத் தீரக் கோடு மெலியும், முக்கி எடுத்ததும் தடிக்கும். துணியைத் திருப்பிப் பாருங்கள்: மேலோட்டமான அச்சு பின்பக்கம் வெளுத்துத் தெரியும், ஊறி ஏறிய கறுப்பு பின்னாலும் நன்றாகத் தெரியும். கடைசியாக மோந்து பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், இங்கே எல்லோரும் செய்வதுதான். புதுத் துணியில் கடுக்காயும் பாலும் கலந்த ஒரு புளிச்ச வாசனை இருக்கும். எங்கள் வீட்டில் சிலருக்கு அது பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

இயற்கைச் சாயம் என்று போர்டு போட்டிருந்தால் நம்பலாமா?

நிறங்களை எண்ணிப் பாருங்கள். கறுப்பு, செங்காவி போன்ற சிவப்பு, கடுகு மஞ்சள், நீலம், அடங்கிய பச்சை, பழுப்பு. இந்த வட்டத்துக்குள் இருந்தால் நம்ப இடம் உண்டு. பளீர் ரோஸும் கிளிப்பச்சையும் இருந்தால் ரசாயனச் சாயம். பட்டுச் சேலையில் கையால் வரைந்து ரசாயனக் கலர் கொடுப்பதும் நிறைய நடக்கிறது. அதுவும் கைவேலைதான், ஆள் உட்கார்ந்து வரைந்ததுதான். இயற்கைச் சாயம் என்று விலை சேர்த்து வாங்குவதைத்தான் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

பேரம் பேசலாமா? எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

'பாதியிலிருந்து ஆரம்பி' என்று எங்கள் அத்தை சொல்வார். புடவைக் கடையிலும் கத்தரிக்காயிலும் அத்தை சொல்வது சரியாக இருக்கலாம். கோயில் வாசல் கடைகளிலும் ஓரளவு சரி, அங்கே முதல் விலை காற்றடித்த விலை.

வேலை நடக்கும் வீட்டுக்குப் போய்விட்டால் கணக்கு மாறிவிடும். அங்கே விலையைக் கேட்பதற்கு முன் எத்தனை நாள் ஆனது, எத்தனை பேர் செய்தார்கள் என்று கேளுங்கள். ஒரு ஆள் 10 நாள் செய்த துணி என்று வைத்துக்கொள்வோம். அதை ஆயிரம் ரூபாய்க்குக் கேட்டால் ஒரு நாளைக்கு 100 ரூபாய். துணி, பால், விறகு, சாயம் எல்லாம் அந்த நூறுக்குள்ளே. நம் வீட்டில் பெயின்ட் அடிக்க வருபவருக்கு என்ன கூலி கொடுக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தால் நாக்கு தானாகச் சுருங்கும். அதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். 10 நாள் வேலை என்று சொன்ன துணி 400 ரூபாய்க்கு வந்தால் அவர் தருமம் செய்யவில்லை, 10 நாள் என்பது பொய்.

கையில் பணம் குறைவு என்றால் விலையைக் குறைக்கச் சொல்வதைவிட அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். பெரிய ராமர் பட்டாபிஷேகத்துக்குப் பதில் ஒரு முழத்தில் ஒற்றை யானை. நான் பெரும்பாலும் அப்படித்தான் வாங்குகிறேன். இரண்டு மூன்று துணி எடுத்தால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், குறைத்தால் சந்தோஷம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஆட்டோக்காரர் 'நல்ல கடை' காட்டுகிறேன் என்கிறாரே?

காட்டுவார். அவருக்கு உண்டான பங்கு உங்கள் பில்லில் இருக்கும்.

எனக்குத் தெலுங்கு தெரியாது. சமாளிக்க முடியுமா?

காளஹஸ்தியிலும் திருப்பதியிலும் கடைக்காரர்கள் தமிழ் பேசுவார்கள், உங்களைவிட நன்றாகவே பேசுவார்கள். உள் தெருக்களில் நான்கைந்து சொல் இருந்தால் போதும். ஆனால் நம் காதை ஏமாற்றும் சொற்கள் சில உண்டு. தெலுங்கில் 'எந்த' என்றால் எவ்வளவு. 'வந்த' என்றால் நூறு. 'பதி' என்றால் பத்து. அவர் 'பதி' என்றதைப் பாதி விலை என்று எடுத்துக்கொண்டு சிரித்தபடி பணத்தை நீட்டியவரை எனக்குத் தெரியும், நெருங்கிய சொந்தம்.

'எந்தண்டி?' என்றால் விலை என்னங்க. 'தக்கிஞ்சண்டி' என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும்விட உபயோகமான வாக்கியம் 'என்னி ரோஜுலு பட்டிந்தி?' எத்தனை நாள் பிடித்தது என்று அர்த்தம். இதைக் கேட்டால் பெரும்பாலும் உட்காரச் சொல்லி, உள்ளேயிருந்து வேறு துணி எடுத்து வருவார்கள்.

காளஹஸ்தி தரிசனம் முடிந்தால் நேரே வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்கிறார்களே. கடைக்குப் போகலாமா?

ராகு கேது பூஜை முடித்தவர்கள் வழியில் வேறு கோயிலுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போகாமல் திரும்புவது வழக்கம். எங்கள் வீட்டுக்கு வராமல் போவதற்கு இதைக் காரணம் காட்டுகிறவர்களும் உண்டு. கடை அந்தக் கணக்கில் சேருமா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: முதல் நாள் மாலையே வந்து கடை வேலையை முடித்துவிட்டு, காலையில் பூஜை செய்துகொண்டு கிளம்புங்கள். உங்களுக்கும் சங்கடமில்லை, மாமியாருக்கும் சங்கடமில்லை.

வெங்கடகிரி சேலை பற்றிச் சொல்லுங்கள்.

காளஹஸ்தியிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மெல்லிய நூலில் நெய்த பருத்திச் சேலைக்குப் பேர் போன ஊர், சமஸ்தானத்து ராஜாக்கள் ஆதரித்து வளர்த்த நெசவு. மே மாத வெயிலில் இதைக் கட்டியவர்கள் வேறு சேலையைத் தொடமாட்டார்கள் என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் தீர்ப்பு. சரிகைக் கரை வைத்தது, ஜம்தானி பூ போட்டது, பட்டு கலந்தது என்று பல உண்டு.

ஜம்தானி பூ என்றால் முந்தானையைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனி நூல் கோத்து நெய்வதால் பின்பக்கமும் ஏறக்குறைய முன்பக்கம் மாதிரியே சுத்தமாக இருக்கும். பின்னால் நூல் நீள நீளமாகத் தொங்கினாலோ, வெட்டிய பிசிர் நிறைந்திருந்தாலோ அது வேறு வேலை. சேலையின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகச் சின்ன ஊசித்துளைகள் தெரியும். தறியில் துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் முள் பதிந்த தடம் அது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், 2006-லிருந்து கொடுக்கிறார்கள். முழுப் பட்டு என்று சொல்லி விற்றால் சில்க் மார்க் கேளுங்கள். சரிகை அசலா, இமிட்டேஷனா என்று நேரடியாகக் கேட்டு பில்லில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னவர் எழுத யோசித்தால் பதில் கிடைத்துவிட்டது.

திருப்பதியில் செம்மர மரப்பாச்சி வாங்கலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் எப்போதும் தயக்கத்தோடுதான் பதில் சொல்கிறேன். மரப்பாச்சி இல்லாமல் கொலுப்படி ஏது. அம்மாவின் கல்யாணத்துக்குக் கொடுத்த செஞ்சந்தன ஜோடி எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. குழந்தைக்குக் கட்டி வந்தால் அதையே கல்லில் உரைத்துப் பூசுவார் பாட்டி. அந்தக் காலம் வேறு.

செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான், சேஷாசலம் அதன் நடு வீடு. கடத்தலால் அது என்ன ஆனது என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் நம் பக்கத்து ஆட்கள். செம்மரம் என்று ஒருவர் துண்டுக் கட்டையை ரகசியமாகக் காட்டினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நடையைக் கட்டுங்கள். உரிய ஆவணம் இல்லாமல் வைத்திருந்தால் சோதனைச் சாவடியில் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான்.

பொம்மையாகவே வாங்குவதென்றால் அரசுக் கடையில் வாங்கி, என்ன மரம் என்று எழுதிய பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் செம்மரம் என்று விற்பது பெரும்பாலும் வேறு மரத்துக்குச் சிவப்பு ஏற்றியது. ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்தாலே சிவப்பு ஒட்டிக்கொண்டால் சாயம் என்று சந்தேகப்படலாம். கையில் எடுத்துப் பாருங்கள், அசல் செம்மரம் அதன் அளவைப் பார்த்து நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் கொடுத்தனுப்பும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள மரம் அது.

மாதவமாலாவில் வேறு மரங்களிலும் சாமி சிலை செதுக்குகிறார்கள். ஒரு சாண் பிள்ளையாரிலிருந்து ஆள் உயரப் பெருமாள் வரை கிடைக்கும். மரம் நன்றாகக் காய்ந்ததா என்று கேளுங்கள். ஈர மரம் சென்னைக்குப் போய் வெடிப்பு விடும்.

கொலுவுக்குக் கொண்டப்பள்ளி, ஏட்டிகொப்பாகா பொம்மை?

கொண்டப்பள்ளி விஜயவாடா பக்கம், ஏட்டிகொப்பாகா இன்னும் வடக்கே, விசாகப்பட்டினத்துக்குக் கொஞ்சம் முன்னால். முதலாவது மிக லேசான மரம். தலை, கை, கால் தனியாகச் செதுக்கி, மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் கலந்து ஒட்டுவார்கள். அதனால் தண்ணீர் ஆகாது, உலர்ந்த தூரிகையால்தான் தூசி தட்டவேண்டும். இரண்டாவது கடைசலில் சுற்றி அரக்கு ஏற்றியது, வழவழவென்று இருக்கும், குழந்தை கையில் கொடுக்க நல்லது. இரண்டையும் திருப்பதியில் ஆந்திர அரசின் கைவினைக் கடையான லேபாக்ஷியில் வாங்கலாம்.

லேபாக்ஷியில் விலை அதிகமா?

நிலையான விலை, பில் உண்டு, பேரம் கிடையாது. நான் முதலில் அங்கே போய் விலைச் சீட்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போவேன். அவசரத்தில் இருப்பவர்கள் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் வரலாம்?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாது, கலம்காரி வேலை மெதுவாக நகரும். தை முதல் சித்திரை வரை வெயில் நன்றாக இருக்கும், புதுத் துணியும் நிறையக் கிடைக்கும். நவராத்திரிக்கு வேண்டியதை ஆடியிலேயே சொல்லி வையுங்கள். முன்பணம் கொடுத்தால் அளவு, நிறம், கதை, தேதி எல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தேதி தள்ளிப்போகும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எப்படித் துவைப்பது?

பச்சைத் தண்ணீரில் தனியாக. பூந்திக்கொட்டை நுரை போதும், பிளீச்சிங் கலந்த சோப்பு கூடவே கூடாது. நிழலில் உலர்த்தி, பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். எலுமிச்சைச் சாறு பட்டால் இரும்புக் கறுப்பு வெளுத்துவிடும், கலம்காரிச் சேலை கட்டிக்கொண்டு ரசம் பரிமாறுகிறவர்கள் ஜாக்கிரதை.

வேலை செய்யும் இடத்தில் போட்டோ எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். ஆளை எடுக்க விடுவார்கள், பாதி வரைந்த துணியை நேருக்கு நேர் எடுக்கச் சிலர் விடமாட்டார்கள். மேலே சொன்ன என் கிருஷ்ணர் கதை தெரிந்தால் காரணம் புரியும்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

கட்டாயம். கெஞ்சிக் கேட்டால் ஒரு துண்டுத் துணியும் கலமும் கொடுத்து வரையச் சொல்வார்கள். பழைய உடுப்பு போட்டு அழைத்துப் போங்கள், கசிமி கறை போகாது. பள்ளி விட்ட கையோடு அழைத்துப் போனதில் என் மகளின் வெள்ளைச் சட்டைக் கையில் இரண்டு சொட்டு விழுந்தது. கடுக்காய் ஏறாத துணி என்பதால் கறுக்கவில்லை. துரு நிறத்தில் அப்படியே இருக்கிறது, சட்டை தங்கைக்கு வந்த பிறகும்.